அக்காவின் மச்சை ஆகாதாம்!

"ஆணுக்குப் பெண்ணின் குருத்தணு ஆபத்து, ஆய்வில் தகவல்!"

ஒரு தமிழ் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இப்படியொரு தலைப்பு. எந்த நாளிதழ் என்பது வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகச் செய்தி மேசைகளில் குந்தியிருந்தவன் என்ற முறையில், இத்தகைய தலைப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெளிநாட்டுச் செய்தி ஒன்று இரவு பத்து மணிக்கு வந்து விழும். பக்கத்தில் ஐந்து அங்குல இடம் காலியாக இருக்கும். மொழிபெயர்ப்பவருக்கு வீட்டுக்குப் போகும் பேருந்து பற்றிய கவலை இருக்கும். செய்தியின் முதல் இரண்டு பந்திகள் தமிழாகும். மீதி குப்பைக் கூடைக்குப் போகும். அந்த மீதியில்தான் உண்மை இருந்தது என்பதை மறுநாள் எவரும் கேட்பதில்லை.

இம்முறை கேட்டார்கள். செட்டிகுளம் பக்கத்துத் தாய் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்.

"ஐயா, அக்காவின்ர மச்சை தம்பிக்குக் கூடாது எண்டு பேப்பரில கிடக்கு. உண்மையோ?"

அவளது மகனுக்கு ஒன்பது வயது. தலசீமியா. மாதந்தோறும் குருதி ஏற்றி வளர்ந்த பிள்ளை. என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்லி, உடன்பிறந்தார் இருவரையும் பரிசோதித்ததில் அண்ணனுக்குப் பொருந்தவில்லை, அக்காவுக்குப் பொருந்தியிருக்கிறது. ஊரும் உறவும் இரண்டு கட்சியாகிவிட்டன. "குமர்ப்பிள்ளையின் உடம்பில் ஊசி ஏற்றினால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்பது ஒரு கட்சி. "பெண்ணின் மச்சை ஆணுக்கு விஷமாம், பேப்பரிலேயே போட்டிருக்கிறான்" என்பது மற்றக் கட்சி. முதற் கட்சிக்கு ஒரு விஞ்ஞான ஆயுதத்தை இலவசமாக வழங்கிய பெருமை நமது பத்திரிகைத் தொழிலுக்குரியது.

ஆகவே இதை எழுதியாக வேண்டியிருக்கிறது. மருத்துவம் கூறும் உண்மை என்ன, அது எங்கே முடிகிறது, அதற்கு மேல் நாம் ஏற்றிவைக்கும் பொய் எது என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உண்மை. கொடையாளி ஆணா பெண்ணா என்பது குருத்தணு மாற்றில் (தமிழகத்து வாசகர்களுக்கு: ஸ்டெம் செல் மாற்று) ஒரு பொருட்டுத்தான். அதை மறுப்பதற்கில்லை.

ஆணின் உடற்கலங்களில் ஒய் நிறமூர்த்தம் (குரோமோசோம்) உண்டு. அதிலுள்ள மரபணுக்கள் சில புரதங்களை ஆக்குகின்றன. பெண்ணின் எக்ஸ் நிறமூர்த்தத்திலும் அவற்றுக்கு இணையான மரபணுக்கள் இருந்தாலும், அவை ஆக்கும் புரதங்கள் சற்றே வேறுபட்டவை. அந்தச் சிறு வேறுபாடு போதும். பெண்ணின் நோயெதிர்ப்புக் கலங்கள் ஆணின் கலத்தைக் கண்டு 'இது நம்முடையது அல்ல' என்று தீர்மானித்துவிடக்கூடும். 1955இலேயே எலிகளில் இதைக் கண்டார்கள். ஒரே மரபுவழியில் வந்த எலிகளிடையே, ஆணின் தோலைப் பெண்ணுக்கு ஒட்டினால் பெண் உதறியது. ஏனைய ஒட்டுகள் நிலைத்தன. மனிதரில் இதற்குச் சான்று 1976இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து வந்தது. குருதியாக்கம் குன்றிய ஒரு பெண்ணுக்கு இழையம் முற்றாகப் பொருந்திய அண்ணன் தம்பிமாருள் ஒருவரின் மச்சையைச் செலுத்தினார்கள். உடல் அதை ஏற்கவில்லை. அவளுடைய கலங்கள் ஆண்களின் கலங்களைத் தேடிக் கொன்றதைப் பரிசோதனைக் குழாயில் கண்டார்கள்.

மச்சை மாற்றில் இந்தப் போர் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நோயாளியின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவிட்டு, கொடையாளியின் எதிர்ப்புச் சக்தியைக் குடியமர்த்துகிறோம். புதிதாகக் குடிவந்த கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கினால் அதுவே ஜி.வி.எச்.டி. என்று மருத்துவர் சுருக்கிச் சொல்லும் நோய். அது நாட்பட்டதானால் கண் வறளும், வாய் வறளும், தோல் இறுகும், நுரையீரலும் கெடும்.

கொடையாளி, நோயாளி என இரு பக்கமும் ஆண், பெண் என்று வைத்தால் நான்கு சோடிகள் வரும். அவற்றுள் பெண் கொடுத்து ஆண் பெறும் சோடியில்தான் ஜி.வி.எச்.டி. கூடுதல் என்று உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாற்றில் நகர மையம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவும் அதுவே. பெண்ணின் மச்சையைப் பெற்ற 75 ஆண்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரின் குருதியில் ஆண் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்ததை 2005இல் வேறொரு குழு கண்டது.

கொடுப்பவள் பிள்ளை பெற்றவளாயின் இது மேலும் கூடும். கருவிலிருந்த பிள்ளையின் கலங்களை அவள் உடல் ஏற்கெனவே சந்தித்துவிட்டது. 1987 முதல் 1999 வரை அமெரிக்கத் தேசியப் பதிவேட்டின் மூலம், உறவினரல்லாதோரிடமிருந்து மச்சை பெற்ற 6,978 பேரின் விவரம் 2001இல் வெளியாயிற்று. பல முறை கருவுற்ற பெண்களிடம் பெற்றோரில் 100க்கு 54 பேருக்கு நாட்பட்ட ஜி.வி.எச்.டி. வந்தது, ஆண்களிடம் பெற்றோரில் 44 பேருக்கு.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனைக் கருவிற் சுமந்த தாயின் குருதியில் அந்த மகனின் கலங்கள் பிரசவத்தோடு மறைந்துவிடுவதில்லை. 27 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தாயிடம் அவை இருந்ததாக 1996இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எல்லாத் தாய்மாரிடமும் அல்ல, பலரிடம். வவுனியாவில் 2017 பெப்ரவரியிலிருந்து மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் குந்தியிருந்து 'எங்கே?' என்று கேட்ட தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அரசாங்கத்தின் கோவையில் இல்லாத மகன், அவர்களுட் பலரின் இரத்தத்தில் இன்னும் இருக்கக்கூடும். இதைக் கவிதையாகச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் எண்ணிப் பார்த்த சங்கதியைச் சொல்கிறேன்.

சரி, இவ்வளவும் உண்மையானால் தலைப்பும் உண்மைதானே என்று கேட்பீர்கள். இல்லை. தலைப்பு குப்பைக் கூடைக்கு அனுப்பிய பகுதிக்கு இனி வருகிறேன்.

ஒன்று. மேற்சொன்ன சியாற்றில் ஆய்வின் மறுபாதி என்ன தெரியுமா? பெண்ணிடம் பெற்ற ஆண்களுக்குத்தான் நோய் திரும்ப வருவதும் மிகக் குறைவாக இருந்தது. இரத்தப் புற்றுநோயில் இது பெரிய வரம். ஆணின் உடலைத் தாக்கும் அதே கலங்கள், அந்த உடலில் ஒளிந்திருக்கும் புற்றுக் கலங்களையும் தாக்குகின்றன. ஒரு கையால் அடிப்பதும் மறு கையால் காப்பதும் ஒரே படைதான். இலாபத்தையும் நட்டத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதே மருத்துவம். நட்டத்தை மட்டும் அச்சடிப்பது பத்திரிகைத்தனம்.

இரண்டு. முதலில் பார்க்க வேண்டியது பால் அல்ல, பொருத்தம். எச்.எல்.ஏ. எனப்படும் இழையப் பொருத்தம் இல்லாத அண்ணனைவிட, பொருத்தமான அக்கா எவ்வளவோ மேல். அடுத்தது வயது. 2001இன் அதே ஆய்வில், 18 முதல் 30 வயதுக் கொடையாளிகளிடம் பெற்றோரில் 100க்கு 33 பேர் ஐந்து ஆண்டு கடந்து வாழ்ந்தனர். 45 வயதுக்கு மேற்பட்டோரிடம் பெற்றவர்களில் 25 பேரே. அதே குழுவினர் பிந்திய ஆண்டுகளின் நோயாளரையும் சேர்த்து 2016இல் மீண்டும் கணக்கிட்டபோது, உயிர் பிழைப்பதைத் தீர்மானித்தவை கொடையாளியின் வயதும் இழையப் பொருத்தமுமே என்ற முடிவுக்கு வந்தார்கள். கொடையாளிக்குப் பத்து வயது கூடினால் இறப்பு ஆபத்து 5.5 வீதம் கூடியது. ஆண், பெண் வேறுபாடு அந்தப் பட்டியலில் நிலைக்கவில்லை. இருபது வயதுத் தங்கைக்கும் ஐம்பது வயது அண்ணனுக்கும் இடையே 'ஆண்தானே நல்லது' என்று தெரிவு செய்பவன், விஞ்ஞானத்தைப் பாதி படித்தவன்.

மூன்று. வைத்திய முறை மாறிக்கொண்டிருக்கிறது. மச்சை செலுத்தி மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபொஸ்பமைட் மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபின், ஜி.வி.எச்.டி. வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழைய முறையில் எடுத்த எண்ணை இன்றைய நோயாளியின் நெற்றியில் அப்படியே ஒட்ட முடியாது.

இதற்கு ஓர் உதாரணம் போதும். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்து மச்சை பெறும்போது தாய் நல்லதா, தகப்பன் நல்லதா? இத்தாலியின் பெருஜியா மையத்தில், கொடை மச்சையிலிருந்து 'ரி' கலங்களை நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். அங்கே தாய்தான் வென்றாள். 2008இல் வெளியான கணக்கின்படி நோய் திரும்பாமல் ஐந்தாண்டு வாழ்ந்தோர், தாயிடம் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதி, தகப்பனிடம் பெற்றவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். பெய்ஜிங்கிலோ கலங்களை நீக்காமலே கொடுத்தார்கள். அங்கே 2014இல் வெளியான முடிவு நேர்மாறு: தகப்பனே மேல். ஒரே கேள்வி, இரண்டு முறை, இரண்டு விடை. இரண்டும் சரி. இப்படிப்பட்ட விடயத்தை ஐந்து அங்குலத்தில் 'ஆபத்து' என்று எழுதுபவனை என்னவென்பது?

நான்கு. தலசீமியா புற்றுநோய் அல்ல. எனவே 'நோய் திரும்பாது' என்ற இலாபக் கணக்கு அங்கே இல்லை, ஜி.வி.எச்.டி.யால் வருவது நட்டம் மட்டுமே. இதை நான் மறைக்கவில்லை. பொருத்தமான தம்பியும் பொருத்தமான அக்காவும் இருவருமே இருந்தால், ஆண் நோயாளிக்குத் தம்பியைத் தெரிவதில் நியாயம் உண்டு. ஆனால் பொருத்தம் ஒருவருக்கு மட்டும் இருக்கும்போது தெரிவு எங்கே வந்தது? செட்டிகுளத்துத் தாயின் முன்னால் இருந்தது அண்ணனா அக்காவா என்ற கேள்வி அல்ல. அக்காவா, அல்லது வாழ்நாள் முழுதும் குருதி ஏற்றுவதா என்ற கேள்வி.

அந்த இரண்டாம் வழி இலகுவானதல்ல. ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. அதை வெளியேற்ற மருந்து ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். காலம் போகப்போக மாற்றுச் சிகிச்சையும் கடினமாகிறது. இத்தாலியின் பெசாரோவில் லுக்கரெல்லி என்ற மருத்துவர் 1981 முதல் தலசீமியாப் பிள்ளைகளுக்கு மச்சை மாற்றிப் பெற்ற அனுபவத்தில் மூன்று அளவுகோல்களைத் தந்தார்: ஈரல் வீக்கம், ஈரல் நார்த்தன்மை, இரும்பகற்றலின் ஒழுங்கின்மை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் மச்சை மாற்றைத் தொடங்கியது. நம் நாட்டுப் பிள்ளைகளைப் போலப் பிந்தி வரும் பிள்ளைகளைக் கண்ட அனுபவம் அவர்களுக்கு அதிகம். ஏழு வயதும் அதற்கு மேலும், ஈரல் ஐந்து சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் பெருத்திருந்தால் ஆபத்து மிக அதிகம் என்று 2007இல் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஐரோப்பிய மையங்களில் 2000 முதல் 2010 வரை நடந்த 1,493 மாற்றுகளைத் தொகுத்தபோது, பொருந்திய உடன்பிறந்தாரிடம் பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் 100க்கு 91 பேர் உயிரோடிருந்தனர். 83 பேர் நோய் நீங்கி வாழ்ந்தனர். 14 வயதைத் தாண்டியபின் செய்தவர்களுக்குப் பலன் குறைந்தது.

ஆக, அந்தப் பிள்ளையின் உண்மையான எதிரி அக்காவின் எக்ஸ் நிறமூர்த்தம் அல்ல. தாமதம். பொய்த் தலைப்பொன்றால் உறவினர் கூடிக் கதைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அவன் ஈரலில் இரும்பாகப் படிகிறது.

இனி மற்றக் கட்சிக்கு வருவோம். 'குமர்ப்பிள்ளை' கட்சி.

மச்சை கொடுப்பதென்றால் என்ன? மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து ஊசியால் மச்சையை உறிஞ்சுவது ஒரு முறை. சில நாள் ஊசி மருந்து ஏற்றி, பின்பு கைநரம்பால் குருதியை இயந்திரத்தினூடாக ஓடவிட்டுக் குருத்தணுக்களைப் பிரித்தெடுப்பது மற்ற முறை. புற்றுநோயல்லாத தலசீமியா போன்றவற்றுக்கு முதல் முறையே விரும்பப்படுகிறது. அதில் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. குறைவு. சில நாள் இடுப்பு வலி, களைப்பு. எடுத்த மச்சையை உடல் சில வாரங்களிலேயே ஈடுசெய்துவிடும். கருப்பைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை. தழும்பு என்று காட்டுவதற்குக்கூட இரண்டு புள்ளிகளே மிஞ்சும். இந்த இரண்டு புள்ளிக்காகப் பெண்ணை வேண்டாமென்று சொல்பவனுக்குத் தம்பியின் உயிரைவிட மேலாக எதைக் கொடுத்து மாப்பிள்ளையாக்கப் போகிறீர்கள்?

இவர்களே, நோயாளி மகனாகவும் கேட்பது சிறுநீரகமாகவும் இருந்தால் வேறு குரலில் பேசுவார்கள் என்பதையும் நான் அறிவேன். அப்போது பெண்தான் கொடுக்க வேண்டும்; 'ஆம்பிளைப் பிள்ளை உழைக்க வேண்டும்' என்பார்கள். இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 1995 முதல் 2021 வரை அங்கு நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெற்றவர்கள் 29,695 பேர் ஆண்கள்; பெண்கள் 6,945 பேர். உயிரோடிருந்து கொடுத்தவர்களிலோ ஐந்தில் நான்கு பங்கு பெண்கள், மனைவியும் தாயும். நோய் ஆணையும் பெண்ணையும் பார்த்து வருவதில்லை. ஆண்தான் பெறுவான், பெண்தான் கொடுப்பாள் என்று தீர்மானிப்பது வீட்டு விறாந்தை. வவுனியா மாவட்டமும் காரணம் தெரியாத சிறுநீரக நோயின் பிடிக்குள் அகப்பட்ட நிலம். எனவே இது நமக்குப் புறத்தியார் கதையுமல்ல.

ஆகவே, ஒரு பெண்ணின் உடல் கொடுப்பதற்கு உகந்ததா என்பதை இந்தச் சமூகம் எப்போதும் விஞ்ஞானத்தைக் கேட்டுத் தீர்மானித்ததில்லை. தேவைப்பட்டால் உகந்தது, கலியாணச் சந்தை குறுக்கிட்டால் உகந்ததல்ல. இப்போது விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு சாட்டுக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு கட்சியும் கேட்க மறந்த ஒருத்தி உண்டு: அந்த அக்கா. அவளிடம் யாராவது 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டார்களா? 1968இல் அமெரிக்காவின் மினசோற்றாவில், எதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த ஐந்து மாதக் குழந்தைக்கு மச்சை கொடுத்து, பொருந்திய உடன்பிறந்தாரிடமிருந்து வெற்றியாக நடந்த முதல் மாற்றுக்கு வழிவகுத்தவள் அவனது அக்கா, ஒரு சிறுமி. ஆம், பெண் கொடுத்து ஆண் பெற்றது! தலைப்பெழுதியவர் இதையும் அறிந்திருக்கமாட்டார். இங்கிலாந்தில் இன்று, தானாகத் தீர்மானிக்கும் பக்குவமில்லாத சிறுபிள்ளையிடம் மச்சை எடுப்பதானால், குடும்பத்துக்கும் வைத்தியருக்கும் அப்பாற்பட்ட ஒரு மதிப்பீட்டாளர் அந்தப் பிள்ளையோடு பேசியே ஆக வேண்டும். கட்டாயப்படுத்தப்படவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். 'கொடு' என்று நெரிப்பதும் 'கொடாதே' என்று நெரிப்பதும் ஒரே நெரிப்புத்தான். முடிவு அவளுடையது. அதற்கு உண்மையான தகவல் அவளுக்கு வேண்டும். தகவலைத் தருவதாகச் சொல்லித் தொழில் நடத்துபவர்கள் நாங்கள்.

செட்டிகுளம் என்ற பெயரைக் கேட்டால் உலகெங்குமுள்ள தமிழர்க்கு நினைவுக்கு வருவது மெனிக் பாம். 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த காடு. கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோரின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். பிரான்சும் இந்தியாவும் கூடாரம் அடித்துக் கள வைத்தியசாலை நடத்த வேண்டியிருந்த இடம் அது. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. மூடப்படாத கணக்கு ஒன்று இருக்கிறது. மச்சை மாற்றைப் பற்றி எழுதப் புகுந்தபின்தான் அதை நான் எண்களாகப் பார்த்தேன்.

உடன்பிறந்தார் ஒருவர் முற்றாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் இருந்தால் 100க்கு 25. இருவர் இருந்தால், ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 44. மூவரென்றால் 58. நால்வரென்றால் 68. ஐந்து பிள்ளை பெற்ற வன்னிக் குடும்பம் ஒன்றில் இருவர் முள்ளிவாய்க்காலோடு போயினர் என்று வையுங்கள். மிஞ்சிய மூவரில் ஒருவருக்கு இன்று இரத்தப் புற்றுநோய் வந்தால், 68ஆக இருந்த வாய்ப்பு 44ஆகக் குறைந்திருக்கும். போர் கொன்றவர்களை மட்டுமா கொன்றது? பதினைந்து, இருபது ஆண்டு கழித்து நோய்ப்படப் போகிறவனின் மருந்தையும் அன்றே புதைத்துவிட்டது. மிஞ்சியோருள் பெண்கள் அதிகமான வீட்டில், 'பெண்ணின் மச்சை ஆகாது' என்று எழுதுவது எஞ்சிய வாசலையும் அடைப்பதாகும்.

வீட்டில் முற்றாகப் பொருத்தம் இல்லாதவர்க்குப் பதிவேடு ஒரு முக்கிய வழி. இழையப் பொருத்தம் பெரும்பாலும் இனவழியே ஓடுவது. தமிழனுக்குப் பொருந்தக்கூடியவன் இன்னொரு தமிழனாகவோ தெற்காசியனாகவோ இருக்கும் வாய்ப்பே கூடுதல். வன்னிப் பிள்ளையின் பொருத்தம் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, சென்னையிலோ இருக்கக்கூடும். இலண்டனில் 1974இல் தொடங்கிய அந்தனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயதினரைச் சேர்க்கிறது. கனடாவின் இரத்தச் சேவை 17 முதல் 35 வரை. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி 18 முதல் 50 வரை. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுக்கும் வேலை. ஊர்ச்சங்க விருந்தில் இராப்போசனத்துக்கு வரிசையில் நிற்கும் நேரம்கூட ஆகாது.

இங்கேதான் ஆண்பெண் ஆய்வுகளின் உண்மையான பாடம் இருக்கிறது. மருத்துவர்கள் தெரிய விரும்புவது இளம் ஆண்களை. காரணம் மேலே சொன்னேன். உடற்பருமன் கூடியதால் எடுக்கும் கலங்களின் தொகையும் கூடும். ஆயினும் அந்தப் பதிவேடுகள் ஓயாமல் முறையிடுவது, இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள் இல்லை என்றுதான். அந்த ஆய்வுகளிலிருந்து ஒரு தலைப்பு எழுதியே ஆக வேண்டுமென்றால், 'பெண்ணே, உன் மச்சை ஆகாது' என்றல்ல எழுதியிருக்க வேண்டும். 'இளைஞனே, நீ எங்கே?' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! பெண்ணைத் தள்ளிவைப்பதற்கு விரைந்து ஓடி வந்த விஞ்ஞானம், ஆணை அழைத்துவர ஏன் நொண்டுகிறது?

என் தொழில்சார் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவச் செய்தியை எழுதுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நோய்க்கு? எந்த முறைச் சிகிச்சையில்? எதனோடு ஒப்பிட்டு? இந்த மூன்றுக்கும் விடையில்லாத செய்தியைப் போடாதீர்கள்; அந்த ஐந்து அங்குலத்தில் ஒரு விளம்பரத்தைப் போடுங்கள். விளம்பரம் பொய்யென்று சனத்துக்குத் தெரியும். செய்தியை நம்புகிறார்கள்.

நோயாளர் குடும்பங்களுக்கும் ஒன்று. பத்திரிகையை நம்பிக் கொடையாளியைத் தெரியவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நான் எழுதியதை நம்பியும் வேண்டாம். மாற்றுச் சிகிச்சை மருத்துவரிடம் நேரே கேளுங்கள்: எங்கள் பிள்ளைக்குப் பொருந்தியவர்கள் யார் யார்? அவர்களுள் வயது, பால், கருவுற்ற வரலாறு, பழைய தொற்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் முதல்வர் யார்? அவர் மறுத்தால் அடுத்த வழி என்ன? இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் ஆபத்து எவ்வளவு கூடும்? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.

'அக்கா வேண்டாம், அவள் பெண்' என்று இந்த நான்கு கேள்விக்கும் பின்னர் ஒருவர் சொல்வாரானால், அவர் பேசுவது மருத்துவம் அல்ல. பழைய விறாந்தைப் பேச்சு. அதற்கு வெள்ளை அங்கி மாட்டிவிடும் வேலையைப் பத்திரிகைகள் இனியாவது விட்டுவிடட்டும்.